வீட்டுப் பரிசோதனைக்குப் பின்: திருத்த வேலைகளைப் பேசி எழுத்தில் பெறுதல்

பிக்கரிங்கில் வீடொன்றை வாங்க உடன்பட்ட குடும்பத்தின் கைக்குப் பரிசோதகரின் அறிக்கை வந்து சேரும்போது, நிபந்தனைக் காலத்தில் பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களே எஞ்சியிருக்கும். அறிக்கை பல பத்துப் பக்கங்கள் நீளும். ஒவ்வொரு பக்கத்திலும் ஒளிப்படங்களும் சிவப்புக் குறிகளும் இருக்கும். கூரை முதிர்ந்துவிட்டது, நிலக்கீழ்த் தளத்துச் சுவரில் ஈரம் தெரிகிறது, மின்கம்பிகள் அலுமினியத்தால் ஆனவை என்றெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். இதை வைத்துக்கொண்டு விற்பவரிடம் என்ன கேட்கலாம், எப்போது கேட்கலாம், அவர் ஒப்புக்கொண்டதை எவ்வாறு உறுதிப்படுத்துவது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. இது பொதுத் தகவல் மட்டுமே. குறித்த ஒரு கொள்வனவுக்கான ஆலோசனையைச் சட்டத்தரணி ஒருவரிடமே பெறவேண்டும்.

வீட்டில் பழுது இருந்தால் அதைத் திருத்திக் கொடுப்பது விற்பவரின் கடமை என்று பலர் எண்ணுகின்றனர். கடையில் வாங்கிய குளிர்சாதனப் பெட்டி பழுதானால் திருப்பிக் கொடுக்கலாம். அதைவிடப் பன்மடங்கு விலையுள்ள வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லாமலா போகும் என்று நினைப்பது இயல்பே. ஆனால் பழைய வீட்டின் விற்பனையில் சட்டம் நேர்மாறான நிலையில் நிற்கிறது. வாங்குபவரே விழிப்பாக இருக்கவேண்டும் என்னும் பழைய ஆங்கிலப் பொதுச்சட்டக் கோட்பாடு பொருள் விற்பனையில் ஏறத்தாழ மறைந்துவிட்டபோதிலும், நிலம் வீடு ஆகியவற்றின் விற்பனையில் இன்றும் உயிரோடிருக்கிறது.

கனடா உச்ச நீதிமன்றத்தின் 1980ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியில் வெளியான, சட்டத்தரணிகள் ஃப்ரேசர்-ரீட் வழக்கு என்று குறிப்பிடும் ஒன்ராறியோ வழக்கு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. கட்டிமுடிக்கப்பட்ட புதிய வீடொன்றை வாங்கியவர்களின் நிலக்கீழ்த் தளத்தில் வெள்ளம் புகுந்தது. அத்திவாரத்தைச் சுற்றிப் பதிக்கப்படவேண்டிய வடிகுழாய்களைக் கட்டுநர் பதிக்கவே இல்லை. இருந்தும், முடிவுற்ற வீடு வசிக்கத் தகுந்தது என்ற உத்தரவாதம் சொல்லாமலே ஒப்பந்தத்தில் அடங்கியிருக்கிறது என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. வாங்கியவர்கள் இறுதியில் வென்றது வேறொரு காரணத்தால்: அவர்களுடைய ஒப்பந்தத்தில், நிலுவையிலுள்ள விதிமீறல்கள் எவையும் இல்லை என்று விற்பவர் எழுத்தில் உறுதியளித்த வாக்கியம் ஒன்று இருந்தது. கட்டட விதிப்படி பதிக்கவேண்டிய குழாயைப் பதிக்காதது அந்த உறுதிமொழியை மீறியதாயிற்று. சட்டம் பொதுவாகத் தராத பாதுகாப்பை எழுதப்பட்ட ஒரு வாக்கியம் தந்தது.

விதிவிலக்கு இல்லாமலும் இல்லை. பழுதுகளைச் சட்டம் இரண்டாகப் பிரிக்கிறது. சாதாரணமாகப் பார்வையிட்டால் தெரியக்கூடிய பழுது ஒருவகை. கதவைத் திறந்தாலே தெரியும் விரிசல், வளைந்த கூரை, உடைந்த படிக்கட்டு ஆகியன இதிலடங்கும். இவற்றுக்கு விற்பவர் பொறுப்பல்லர், வாங்குபவர் பார்த்திருக்கவேண்டும். மறைந்திருக்கும் பழுது இன்னொருவகை. வீட்டை ஆபத்தானதாக அல்லது வசிக்கத் தகாததாக ஆக்கும் மறைபழுதை அறிந்திருந்தும் விற்பவர் சொல்லாமல் விட்டால், அல்லது ஈரச் சுவரின் மேல் புதுப்பலகை அடித்து மறைப்பதுபோல் வேண்டுமென்றே மூடினால், அவர்மீது வழக்குத் தொடரலாம். ஆனால் விற்பவர் அதை அறிந்திருந்தார் என்பதை மெய்ப்பிக்கும் சுமை வாங்கியவர் தலையிலேயே விழுகிறது. அதற்கு ஆண்டுகள் ஆகலாம். செலவு சில வேளைகளில் திருத்தச் செலவையே மிஞ்சும். ஆகவே வாங்குபவரின் உண்மையான பலம் நீதிமன்றத்தில் இருப்பதைவிட, நிபந்தனைக் காலத்தின் அந்தச் சில நாட்களில்தான் அதிகம் இருக்கிறது.

நிபந்தனையும் காலக்கெடுவும்

ஒன்ராறியோவில் வீட்டு விற்பனை பெரும்பாலும் ஒன்ராறியோ வீடு விற்பனை முகவர் சங்கத்தின் நிலைப்படிவத்தில் எழுதப்படுகிறது. அப்படிவத்தில் பரிசோதனை நிபந்தனை தானாக இடம்பெறுவதில்லை. மாறாக, பரிசோதனை கோருவதற்கான வாய்ப்புத் தமக்கு இருந்தது என்றும், தனியே எழுதிச் சேர்த்தாலொழியப் பரிசோதனை இல்லை என்றும் வாங்குபவர் ஒப்புக்கொள்ளும் பந்தியொன்றே அதில் இருக்கிறது. நிபந்தனை வேண்டுமாயின் இணைப்புப் பகுதியில் அதை எழுதவேண்டும். வழக்கமான வாசகம் மூன்று செய்திகளைச் சொல்லும்: வாங்குபவர் தம் செலவில் பரிசோதகரைக் கொண்டு வீட்டைப் பார்ப்பார், அறிக்கை தமக்குத் திருப்தியா என்பதைத் தம் தனி விருப்பின்படி தீர்மானிப்பார், குறித்த நாளில் குறித்த நேரத்துக்குள் நிபந்தனை நிறைவேறியதென எழுத்தில் அறிவிக்காவிட்டால் ஒப்பந்தம் செல்லாது, வைப்புப்பணம் கழிவின்றித் திரும்பும்.

கடைசிச் செய்தியை இருமுறை வாசிக்கவேண்டும். மேற்கண்ட வாசகத்தில் வாங்குபவர் பேசாமல் இருந்தால் ஒப்பந்தம் முடிந்துபோகிறது. ஆனால் சில ஒப்பந்தங்களில் இது தலைகீழாக எழுதப்படுவதுண்டு: குறித்த நேரத்துக்குள் வாங்குபவர் மறுப்புத் தெரிவிக்காவிட்டால் நிபந்தனை நிறைவேறியதாகவே கருதப்படும். அங்கே பேசாதிருத்தல் வீட்டை வாங்கிவிடுதலாகும். ஒரே நாள், ஒரே நேரம், ஒரே மௌனம். விளைவு மட்டும் எதிரெதிர். தம் ஒப்பந்தத்தில் உள்ளது எந்த வாசகம் என்பதைக் கையொப்பமிடுமுன்னரே கேட்டறிந்துகொள்ளவேண்டும்.

பேச்சுவழக்கில் முகவர்கள் ‘கண்டிஷன் எடுக்கிறது’ என்று சொல்லும் செயலுக்கு இரண்டு படிவங்கள் உண்டு. நிபந்தனை நிறைவேறியது என அறிவிக்கும் படிவம் ஒன்று. நிபந்தனையை வாங்குபவர் கைவிடுகிறார் எனக் கூறும், ‘வேய்வர்’ எனப்படும் படிவம் மற்றொன்று. இரண்டில் எதில் ஒப்பமிட்டாலும் ஒப்பந்தம் உறுதியாகிவிடும். அதன்பின் பரிசோதனை அறிக்கையைக் காட்டி எதையும் கேட்கும் உரிமை இல்லை. அறிக்கை கிடைத்ததற்கான பற்றுச்சீட்டுப்போல இப்படிவங்களை எண்ணி, திருத்த வேலை பற்றிய பேச்சு முடியுமுன்னரே ஒப்பமிடுவது பெருந்தவறு. பேச்சுக்கு நேரம் போதாவிட்டால் நிபந்தனைக் காலத்தை நீடிக்கும்படி கேட்கலாம். அதையும் பழைய காலக்கெடு முடியுமுன், இரு தரப்பினரும் எழுத்தில் ஒப்பவேண்டும்.

தனி விருப்பு என்ற சொல்லுக்கும் எல்லை உண்டு. ஒப்பந்தத்தை நேர்மையாக நிறைவேற்றும் கடமையை 2014இலும், ஒப்பந்தம் தரும் தற்றுணிபை நல்லெண்ணத்துடன் பயன்படுத்தும் கடமையை 2021இலும் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியிருக்கிறது. அடுத்த தெருவில் மலிவான வீடு கண்டுவிட்டு, பரிசோதனையைச் சாட்டாக்கி விலகுவது அந்தக் கடமையோடு பொருந்தாது.

மனம் மாறினால் சில நாட்களுக்குள் திரும்பிவிடலாம் என்றும் எண்ணவேண்டாம். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2023 ஜனவரி 3 முதல் வீடு வாங்குவோருக்கு மூன்று வேலைநாள் விலகற்காலம் வழங்குகிறது. விலகுபவர் விலையில் 0.25 சதவீதம் செலுத்தவேண்டும். ஒன்ராறியோவில் கட்டுநரிடமிருந்து புதிய கொண்டோ வாங்குவோருக்குப் பத்து நாள் உண்டு. மறுவிற்பனை வீட்டுக்கு அப்படியொன்று இல்லை.

பல குடும்பங்கள் ஒரே வீட்டுக்கு விலை கூறும் காலங்களில், நிபந்தனை போட்டால் வீடு கிடைக்காது என்ற அறிவுரை எளிதாகக் காதில் விழும். அது சில வேளை உண்மையாகவும் இருக்கலாம். அத்தகைய நிலையில், விலை கூறுவதற்கு முன்னரே விற்பவரின் இசைவுடன் பரிசோதகரை அழைத்துச் சென்று பார்ப்பது ஒரு வழி. சில நூறு டொலர் செலவாகி வீடு கிடைக்காமலும் போகலாம். நிபந்தனையின்றி வாங்கியபின் செய்யப்படும் பரிசோதனை, செலவுக்குத் திட்டமிட உதவுமேயன்றிப் பேரம்பேச உதவாது.

பரிசோதகர் யார்?

அல்பேர்ட்டாவிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் வீட்டுப் பரிசோதகர் உரிமம் பெறவேண்டும். ஒன்ராறியோ 2017இல் வீட்டுப் பரிசோதனைச் சட்டமொன்றை நிறைவேற்றியும் அது நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. ஆகையால் இங்கே எவரும் தம்மைப் பரிசோதகர் என்று அழைத்துக்கொள்ளலாம். ஒன்ராறியோ வீட்டுப் பரிசோதகர் சங்கத்தின் பதிவுபெற்ற உறுப்பினரா, தொழில்சார் காப்புறுதி உள்ளதா, மாதிரி அறிக்கை ஒன்றைக் காட்டுவாரா என்று கேட்பது வாங்குபவரின் பொறுப்பு. விற்பவரின் முகவர் பரிந்துரைத்தவரைத் தவிர்ப்பது நன்று. பரிசோதகர் முன்வைக்கும் ஒப்பந்தத்தில், தவறு நேர்ந்தால் தாம் வாங்கிய கட்டணத்தை மட்டுமே திருப்பித் தருவேன் என்ற வரம்பு பெரும்பாலும் இருக்கும். அதையும் வாசித்த பின்னரே ஒப்பமிடவேண்டும்.

பரிசோதனை கண்ணால் பார்ப்பதோடு நிற்பது. சுவரை உடைத்தோ தரைவிரிப்பைக் கிழித்தோ பார்க்க அவருக்கு உரிமையில்லை. பனிமூடிய கூரையை அவர் காண இயலாது; கடுங்குளிரில் குளிரூட்டியை இயக்கிப் பார்ப்பதும் இல்லை. நிலத்தடிக் கழிவுநீர்க் குழாயைக் கமெரா விட்டுப் பார்ப்பது தனிச் சேவை. இத்தகைய விடுபாடுகளை அறிக்கையே குறிப்பிடும். குளிர்காலத்தில் வாங்குவோர், குளிரூட்டி கைமாறும் நாளில் நல்ல இயங்குநிலையில் இருக்கும் என்ற உறுதிமொழியை ஒப்பந்தத்தில் கேட்டுப் பெறுவது வழக்கம்.

பரிசோதனை நடைபெறும்போது வாங்குபவர் உடனிருக்கவேண்டும். ‘அவதானிக்கவும்’ என்று அறிக்கையில் ஒரே சொல்லில் முடியும் விடயத்தை, அவ்விடத்தில் நின்று கேட்டால் பரிசோதகர் ஐந்து நிமிடம் விளக்குவார். ஆங்கிலத்தில் தயக்கமுள்ள பெற்றோர், பிள்ளைகளில் ஒருவரை அல்லது நம்பகமான வேறொருவரை மொழிபெயர்ப்புக்கு அழைத்துச் செல்லலாம்.

எதைக் கேட்பது தகும்?

அறிக்கையிலுள்ள அறுபது குறிப்புகளையும் திருத்தக் கோருபவருக்கு அறுபதும் கிடைக்காது. உரசும் கதவு, கழன்ற கைப்பிடி, மங்கிய வர்ணம் போன்றவற்றைப் பட்டியலில் சேர்த்தால் விற்பவர் எரிச்சலடைவார். உயிர்ப்பாதுகாப்பைத் தொடும் கோரிக்கையும் அந்தக் கூட்டத்தில் கரைந்துபோகும். பார்வையிட்ட நாளிலேயே தெரிந்ததும் விலையில் ஏற்கெனவே கணக்கிடப்பட்டதுமான குறைகளையும் மீண்டும் எழுப்புவதில் பயனில்லை. பாதுகாப்பு, நீர், கட்டமைப்பு, பெருஞ்செலவு ஆகியவற்றைத் தொடும் மூன்று நான்கு விடயங்களே கேட்கத் தகுந்தவை. அவை எவை என்பது வீட்டின் வயதையும் இடத்தையும் பொறுத்தது.

பே ரிட்ஜஸ், வெஸ்ட் ஷோர் பகுதிகளில் 1960களிலும் 70களிலும் கட்டப்பட்ட வீடுகள் பல உள்ளன. 1960களின் நடுப்பகுதியிலிருந்து 70களின் நடுப்பகுதிவரை கனடாவில் வீடுகளுக்கு அலுமினிய மின்கம்பி பரவலாகப் பயன்பட்டது. அது சட்டவிரோதமானதன்று, ஆனால் இணைப்புகள் தளர்ந்து சூடேறும் இயல்பு அதற்கு உண்டு. காப்புறுதி நிறுவனங்கள் சில அத்தகைய வீட்டை ஏற்க மறுக்கும் அல்லது மின்பாதுகாப்பு அதிகாரசபையின் பரிசோதனையைக் கோரும். காப்புறுதி இல்லாமல் வங்கி அடமானக்கடனை விடுவிக்காது. ஆகவே இங்கே கேள்வி கம்பியோடு நிற்காமல் கைமாறும் நாள்வரை செல்கிறது. 1980களின் வீடுகளில் சாம்பல் நிறப் பொலிபியூட்டிலீன் குழாயும், 1990களின் நடுப்பகுதிக்குப் பிந்திய சில வீடுகளில் கைடெக் குழாயும் இருக்கக்கூடும். இரண்டுமே வெடித்துக் கசிந்த வரலாறு உடையவை. ஃப்ரென்ச்மன்ஸ் பே, டஃபின்ஸ் ஓடை, பெற்றிக்கோட் ஓடை ஆகியவற்றை அண்டிய காணிகளுக்கு ரொறன்ரோ மற்றும் பிராந்திய நீர்வளப் பாதுகாப்பு அதிகாரசபையின் கட்டுப்பாடு உண்டா என்றும் பார்க்கவேண்டும். வெள்ளச் சமவெளியில் பின்னால் ஒரு தளமேடை கட்டுவதற்கும் அனுமதி தேவைப்படலாம்.

வடக்கே கிளேர்மொன்ற் போன்ற கிராமப்புற வீடுகள் தனிக் கிணற்றிலும் மலக்கழிவுத் தொட்டியிலும் தங்கியிருப்பவை. யாழ்ப்பாணத்தில் கிணற்றடியில் வளர்ந்தவருக்குக் கிணறு புதிதல்ல என்றாலும், உறைநிலத்தில் இருக்கும் கழிவுத் தொட்டி புதியது. தண்ணீரில் பற்றீரியா உண்டா என்ற பரிசோதனை, கிணற்றின் நீர்வரத்து அளவு, தொட்டியைத் திறந்து பார்க்கும் தனிப் பரிசோதனை ஆகிய மூன்றையும் நிபந்தனையிலேயே சேர்ப்பது முறை. சீற்றனின் புதிய வீடுகள் வேறுவகை. அவற்றை முதல் உரிமையாளரிடமிருந்து வாங்கினாலும் டாரியன் உத்தரவாதத்தின் எஞ்சிய காலம் வீட்டோடு சேர்ந்து வரும்: வேலைத்தரத்துக்கு ஓராண்டு, நிலக்கீழ்த் தள நீர்க்கசிவுக்கும் மின்சார, குழாய், வெப்பமூட்டும் தொகுதிகளுக்கும் ஈராண்டு, பெருங்கட்டமைப்புக் குறைக்கு ஏழாண்டு. அங்கே சில பழுதுகளை விற்பவரிடம் பேரம்பேசுவதைவிட, கைமாறுமுன் டாரியனிடம் முறையிடச் செய்வதே பயன்தரும்.

நிலக்கீழ்த் தளத்தில் வாடகைக்குடியிருப்பு உள்ள வீடுகளைக் குறிப்பிட்டாகவேண்டும். மாதாந்தக் கடனைச் செலுத்த அந்த வாடகையை நம்பியே பல குடும்பங்கள் விலை கூறுகின்றன. சமையலறையும் தனிவாசலும் இருப்பதால் மட்டும் அது சட்டப்படியான குடியிருப்பாகிவிடாது. கட்டட அனுமதியுடன் அமைக்கப்பட்டதா, தீத்தடுப்பும் தப்பிச்செல்லும் வழியும் விதிப்படி உள்ளனவா, உரிய பதிவு உண்டா என்பனவற்றை நகரசபையிடம் உறுதிசெய்யவேண்டும். கோப்பைப் பார்வையிட உரிமையாளரின் எழுத்து அனுமதி தேவைப்படும். அதையும் ஒப்பந்தத்திலேயே பெறலாம். மூடப்படாத அனுமதிகளும் திருத்த உத்தரவுகளும் உண்டா என்று வாங்குபவரின் சட்டத்தரணி நகரசபைக்கு எழுதிக் கேட்பது வழக்கம். ஆனால் அது பெரும்பாலும் நிபந்தனைக் காலம் முடிந்தபின் நடக்கும். வாடகையை நம்பி வாங்குவோர் அதுவரை காத்திருக்கலாகாது. வாங்கவிருக்கும் வீட்டை நகரசபை அலுவலர்கள் வாங்குபவருக்காகப் பரிசோதித்துத் தருவதில்லை; விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான பிணக்கிலும் அவர்கள் தலையிடார்.

வெப்பமூட்டும் ஃபேர்னஸும் வெந்நீர்த் தாங்கியும் சொந்தமா வாடகையா என்ற கேள்வியும் இங்கே அடங்கும். வாடகைச் சாதனத்தின் ஒப்பந்தம் சில வேளை அச்சாதனத்தின் விலையை மிஞ்சும் கடனாக இருக்கும். இத்தகைய சாதனங்களுக்காகக் காணிப் பதிவேட்டில் பிணையுரிமை பதியும் முறையை ஒன்ராறியோ 2024 ஜூனில் தடைசெய்தது. ஆயினும் வாடகை ஒப்பந்தம் தானாக மறைந்துவிடுவதில்லை.

பணமா, வேலையா?

எதைக் கேட்பது என்று தீர்ந்தபின், எந்த உருவில் கேட்பது என்பது எழும். கோரிக்கைக்கு அடிப்படையாக ஒப்பந்தகாரர் ஒருவரின் எழுத்து மதிப்பீடு வேண்டும். பரிசோதகர் ‘கூரை இறுதிக்காலத்தில்’ என்று எழுதியதைவிட, கூரைவேலை செய்பவர் ‘15,000 டொலர்’ என்று எழுதிய தாள் பேச்சைச் சுருக்கும்.

விற்பவரே கைமாறுமுன் திருத்தித் தருவது ஒரு வழி. வாங்குபவர் கையில் பணமில்லாதபோது இது கவர்ச்சியாகத் தோன்றும். ஆனால் வீட்டைவிட்டுப் போகவிருப்பவர் மலிவான ஆளைத் தேடுவார். இருபதாண்டு நிலைக்கவேண்டிய வேலையை இருபது நாள் நிலைத்தாலும் போதும் என்ற கண்ணோடு பார்ப்பார். எரிவாயுக் கசிவு, ஆபத்தான மின்னிணைப்பு, காப்புறுதி நிறுவனம் கேட்கும் சான்றிதழ் போன்று, கைமாறுமுன் முடிந்தேயாகவேண்டியவற்றுக்கு மட்டுமே இவ்வழி சிறந்தது. கூரை, அத்திவாரம், ஃபேர்னஸ் ஆகியவற்றை வாங்குபவர் தாமே தெரிந்த ஆளைக்கொண்டு செய்வித்தல் நன்று.

அப்படியாயின் பணமாகக் கேட்கவேண்டும். இங்கேதான் பலர் எதிர்பாராத கணக்கு வருகிறது. எடுத்துக்காட்டாக, 900,000 டொலருக்கு உடன்பட்ட வீட்டுக்கு வாங்குபவர் 20 சதவீதம் முற்பணமும் மீதிக்கு அடமானக்கடனும் என்று வைத்துக்கொள்வோம். கூரைக்காக 15,000 டொலர் விலைக்குறைப்புக் கிடைக்கிறது. விலை 885,000 ஆகிறது. முற்பணம் 180,000இலிருந்து 177,000ஆகக் குறைகிறது. மாகாணக் காணி மாற்றல் வரி இந்த விலைப் பகுதியில் 2 சதவீதமாதலால் அதில் 300 டொலர் மிஞ்சுகிறது. (ரொறன்ரோவைப்போல் பிக்கரிங்கில் நகராட்சி மாற்றல் வரி தனியே இல்லை.) ஆக, கைக்காசில் மிஞ்சியது 3,300 டொலர்; எஞ்சிய 12,000 கடன் தொகையில் குறைந்துபோயிற்று. கூரைக்காரருக்கோ 15,000 டொலரும் கைக்காசாகத் தேவை. விலைக்குறைப்பு நட்டமன்று, வட்டியோடு சேர்த்துப் பார்த்தால் பெறுமதியுள்ளதே. ஆனால் குடியேறிய முதல் மாதத்தில் கூரையை மாற்ற அந்தப் பணம் உதவும் என்று நம்பியிருப்பவர் 11,700 டொலர் பற்றாக்குறையோடு நிற்பார்.

விலையை மாற்றாமல், கைமாறும் நாளின் கணக்குச் சீட்டில் வாங்குபவருக்கு 15,000 டொலர் வரவு வைக்கும்படி கேட்பதும் உண்டு. இது கைக்காசை மிச்சப்படுத்துவதுபோல் தோன்றும். ஆனால் கடன் கொடுக்கும் நிறுவனத்துக்கு இதைத் தெரிவித்தேயாகவேண்டும். நிறுவனங்கள் பல இதை விலைக்குறைப்பாகவே கருதிக் கடனைக் குறைத்துவிடும். வங்கிக்குத் தெரியாமல் வெளியே காசோலையாகக் கொடுத்து வாங்குவோம் என்ற யோசனையை எவர் சொன்னாலும் மறுத்துவிடவேண்டும். கடன் தரும் நிறுவனத்திடம் உண்மையான விலையை மறைப்பது மோசடி. சட்டத்தரணி எவரும் அதற்கு உடன்படமுடியாது. எனவே கோரிக்கையை அனுப்புமுன் அடமானக்கடன் முகவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நேரத்தை வீணாக்காது.

இன்னொரு முறையும் உண்டு: விற்பவருக்குச் சேரவேண்டிய தொகையில் ஒரு பகுதியைச் சட்டத்தரணியின் நம்பிக்கைக் கணக்கில் நிறுத்திவைத்து, வேலை முடிந்தபின் விடுவித்தல். பனிக்காலத்தில் செய்யமுடியாத வெளிவேலைகளுக்கு இது பொருந்தும். எவ்வளவு, எந்த நாள்வரை, வேலை முடிந்ததென்று யார் தீர்மானிப்பது என்பன எழுதப்படாவிட்டால் பணம் கணக்கிலேயே உறங்கும்.

வாய்ச்சொல்லும் எழுத்தும்

நம்மவர் நம்மவரிடம் வீடு வாங்கும்போது ஓர் இடர் மறைந்திருக்கிறது. விற்பவர் ஊர்க்காரர்; முகவர் கோயிலில் அறிமுகமானவர் அல்லது மைத்துனரின் நண்பர். சமையலறையில் தேநீர் அருந்தியபடி, “தம்பி, யோசியாதையும், சாவி தரமுதல் எல்லாம் திருத்தித் தாறன்” என்று சொல்லப்படுகிறது. சொன்னவர் நல்லெண்ணத்தோடே சொல்லியிருக்கலாம். அதை எழுதித் தரும்படி கேட்பது அவரை நம்பாததாகிவிடுமோ என்று வாங்குபவர் கூசுகிறார். நிபந்தனையை நீக்கும் படிவத்தில் ஒப்பமிட்டுவிடுகிறார்.

காணி, வீடு தொடர்பான ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும் என்பது ஒன்ராறியோவின் நெடுங்காலச் சட்டம். அதற்கு மேலாக, எழுதப்பட்டதைத் தவிர வேறு வாக்குறுதி எதுவும் இல்லை என்ற பந்தி நிலைப்படிவத்திலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. தேநீரோடு தந்த வாக்கை அந்தப் பந்தி அழித்துவிடுகிறது. எழுதித் தரும்படி கேட்கும் வேலையை முகவரிடம் அல்லது சட்டத்தரணியிடம் விட்டுவிடலாம். ‘சட்டத்தரணி கேட்கிறார்’ என்றால் எவர் முகமும் சுருங்காது.

ஒரே முகவர் இரு தரப்பையும் பிரதிநிதிப்பதும் நம்மிடையே நடப்பதுண்டு. வீடு விற்பனைச் சேவைகள் தொடர்பான சட்டத்தின் 2023 டிசம்பர் 1 முதலான விதிகளின்படி, இதற்கு இருவரின் எழுத்து இசைவும் வேண்டும். அவ்வாறு இசைந்தபின் முகவர் நடுநிலையில் நிற்கவேண்டும். எவ்வளவு கேட்கலாம் என்று வாங்குபவருக்குமட்டும் சார்பாக ஆலோசனை சொல்லமுடியாது. திருத்த வேலை பற்றிய பேரம்தான் அந்த ஆலோசனை மிகத் தேவைப்படும் கட்டம்.

ஒப்புக்கொண்டவை ஒப்பந்தத் திருத்தப் படிவத்தில் எழுதப்பட்டு, இரு தரப்பினரும் ஒப்பமிடவேண்டும். நிபந்தனையை நீக்கும் படிவத்தில் அதற்குப் பிறகே கையொப்பமிடவேண்டும். ‘விற்பவர் மின்வேலையைத் திருத்துவார்’ என்ற வாக்கியம் போதாது. எந்தப் பழுது, அறிக்கையின் எந்தப் பக்கத்தில் உள்ளது, யார் திருத்துவது, எந்த நாளுக்குள் என்பன வேண்டும். மின்வேலையாயின் உரிமம்பெற்ற மின் ஒப்பந்தகாரரும் மின்பாதுகாப்பு அதிகாரசபையின் பரிசோதனைச் சான்றும், எரிவாயு வேலையாயின் தொழில்நுட்பத் தர மற்றும் பாதுகாப்பு அதிகாரசபையில் பதிவுபெற்றவரும், கட்டமைப்பு வேலையாயின் நகரசபையின் கட்டட அனுமதியும் எனக் குறிப்பிடவேண்டும். பற்றுச்சீட்டுகளையும் மாற்றத்தக்க உத்தரவாதப் பத்திரங்களையும் கையளிக்கவேண்டும் என்றும், வாங்குபவரின் பரிசோதகர் மீண்டும் வந்து பார்க்கலாம் என்றும் சேர்ப்பது வழக்கம்.

விடுபட்டுப்போகும் வாக்கியம் இன்னொன்று உண்டு. உறுதிப்பத்திரம் கைமாறியதும் முந்திய ஒப்பந்தத்தின் வாக்குறுதிகள் அதில் கலந்து மறைந்துவிட்டன என்று விற்பவர் வாதிட இடமுண்டு. ஆகவே, இந்த உறுதிமொழி கைமாறிய பின்னரும் நிலைத்திருக்கும், அதில் கலந்துவிடாது என்று வெளிப்படையாக எழுதப்படவேண்டும். மேலே கண்ட உச்ச நீதிமன்ற வழக்கிலும் இந்த வாதம் எழுந்தது; அங்கே வாங்கியவர்கள் தப்பினர். அந்த வாதத்துக்கே இடம் வைக்காத வாக்கியம் ஒரே வரியில் அடங்கும்.

விற்பவர் மறுத்தால்

விற்பவர் எதையும் ஏற்கக் கடமைப்பட்டவரல்லர். முழுதாக மறுக்கலாம், பாதி தரலாம், பேசாமலும் இருக்கலாம். அப்போது வாங்குபவர் வீட்டை உள்ளபடியே ஏற்பதா, விலகுவதா என்று தீர்மானிக்கவேண்டும். விலகுவதாயின் நிபந்தனைக் காலத்துக்குள் எழுத்தில் அறிவித்து, இருவரும் ஒப்பமிடும் பரஸ்பர விடுவிப்புப் படிவம் கேட்கவேண்டும். வைப்புப்பணம் வழக்கமாக விற்பவரின் முகவர் நிறுவனத்து நம்பிக்கைக் கணக்கில் இருப்பதால், அந்தப் படிவமின்றிப் பணத்தை விடுவிக்க நிறுவனங்கள் தயங்கும். விலகிய வாங்குபவரிடம் பரிசோதனை அறிக்கை எஞ்சியிருக்கும். விற்பவரும் அதிலுள்ளதை இப்போது அறிந்தவராகிவிட்டார். அடுத்த வாங்குபவரிடம் அந்த மறைபழுதை அறியேன் என்று அவர் சொல்வது இனிக் கடினம். விற்பவரின் முகவர் இதை உணர்ந்தவராயின், மறுத்த விற்பவரே மறுநாள் பாதித் தொகையோடு திரும்புவதும் உண்டு.

உடன்பாடு எட்டப்பட்டால், கைமாறும் நாளுக்கு முன் வீட்டைப் பார்வையிடும் உரிமையை வாங்குபவர் பயன்படுத்தவேண்டும். இரண்டு தடவை பார்வையிடலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதுவது வழக்கம். இரண்டாம் தடவையைக் கடைசி நாளுக்கு வைக்காமல், சில நாட்கள் முந்தி வைத்தால், முடியாத வேலையைப் பற்றிச் சட்டத்தரணி பேசவும் தொகையை நிறுத்திவைக்கக் கேட்கவும் அவகாசம் இருக்கும். வேலை முடியவில்லை என்பதற்காக வாங்குபவர் தாமாகவே கைமாறும் நாளைத் தவறவிடலாகாது. ஒப்பந்தத்தில் காலம் இன்றியமையாதது என்று எழுதப்பட்டிருப்பதால், வைப்புப்பணத்தை இழக்கவும் மேலதிக நட்டஈடு கொடுக்கவும் அது வழிவகுக்கலாம்.

சாவி கைக்கு வந்தபின் வாக்களித்த வேலை நடக்கவில்லை என்று தெரிந்தால், முதலில் சட்டத்தரணி வழியாக எழுத்து அறிவித்தல் அனுப்பவேண்டும். ஒளிப்படங்கள், திருத்தப் படிவம், ஒப்பந்தகாரரின் புதிய மதிப்பீடு ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்து வைக்கவேண்டும். ஒன்ராறியோவில் பொதுவாக, குறை தெரியவந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரவேண்டும். 2025 ஒக்ரோபர் 1 முதல் சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் 50,000 டொலர்வரை கோரலாம். பிக்கரிங் வாசிகளுக்கு அது ஒஷாவாவிலுள்ள டர்ஹம் பிராந்திய நீதிமன்றத்தில் நடைபெறும். சட்டத்தரணி இல்லாதோர் ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவை வழியாக முப்பது நிமிடம்வரை இலவச ஆலோசனை பெறலாம்.